ஒரு கைக்கு மட்டும் கிளம்பும் வண்டி

“சாவியை நானே கையில குடுத்து, எடுத்துட்டுப் போப்பான்னு சொன்னாலும் எந்தத் திருடனாலயும் இந்த வண்டியை எடுத்துட்டுப் போக முடியாது. இது என் ஒருத்தி கைக்குத்தான் கிளம்பும்.”

எடையளவு ஆய்வாளர் இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட இடம் காவல் நிலையம். சந்தையின் பின்வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய பழைய காரில் பட்டப்பகலில் ஒருவன் ஏறி உட்கார்ந்து, ஒயரை இழுத்து இணைத்து, இருபது நிமிடம் போராடி, பேட்டரியைக் காலி செய்துவிட்டு, நடந்தே போய்விட்டான் என்பது புகார். நடுவில் வெங்காயக் கடைக்காரர், பாவம் புது டிரைவர் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, ஆள் இருவரைக் கூட்டிவந்து பின்னாலிருந்து தள்ளியும் விட்டிருக்கிறார். அப்போதும் கிளம்பவில்லை. திருடன் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனானாம்.

“வண்டிக்குத் தனியா ஏதாவது பூட்டு போட்டிருந்தீங்களாம்மா?” என்று எழுதிக்கொண்டிருந்த காவலர் கேட்டார். அதற்குத்தான் மேற்படி பதில். காவலர் அதையும் புகாரில் எழுதிக்கொண்டார். திருடன் சீட்டிலேயே விட்டுப்போன ஸ்க்ரூடிரைவர் சான்றுப் பொருளாக ஆறு மாதம் நிலையத்தில் கிடந்தது. உரிமை கோரி யாரும் வராததால், ஆய்வாளர் முறைப்படி கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொண்டார். நல்ல இரும்பு. இன்றைக்கும் அந்த வண்டியின் கார்பரேட்டரை அதை வைத்துத்தான் திருகுகிறார்.

ஆய்வாளருக்குச் சந்தை சூட்டிய பெயர் மில்லிகிராம். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் மில்லிகிராம். நகைக்கடைத் தராசில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியை ஊதிவிட்டு, “இப்ப நிறுங்க” என்று சொன்ன நாளில் வந்த பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டாத மாதிரி நடப்பதில் அவருக்கு ஒரு தனி நிறைவு. துறையில் இருபத்திரண்டு வருடம். நிறுவை, அளவை, முகத்தல் எதுவானாலும் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குள் கிடக்கும் கரண்டிகூட அவரால் சோதிக்கப்பட்ட கரண்டி.

வண்டியும் துறை வண்டிதான். வட்ட முகப்பு விளக்கு, வெளிர்ப் பச்சை, அகன்ற ஸ்டியரிங். ஒரு காலத்தில் அரசாங்கத்தின் மாதிரி எடைக்கற்களை ஊர் ஊராகச் சுமந்தது. கற்கள் இருந்த பெட்டி எப்போதும் இடது பக்கம் இருந்ததால் வண்டிக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கழித்துவிட்ட வாகனங்களை ஏலம் விட்டபோது வேறு யாரும் கை தூக்கவில்லை. மில்லிகிராம் தூக்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கணவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் ஒரே டிபார்ட்மென்ட். உங்களுக்குள்ள ஒத்துப்போகும்” என்றார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எதைப் பார்த்தாலும் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதாமல் விடமாட்டார்.

ஒத்துத்தான் போயிற்று. பதினான்கு வருடமாக அந்த எஞ்சினில் வேறு யார் கையும் பட்டதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, கணவர் கொண்டுவந்த பழைய புரூஃப் தாள்களைக் கார் கொட்டகையின் தரையில் விரித்து, ஸ்பேனர்களை அளவு வரிசையில் அடுக்கி, பானட்டைத் தூக்கிவிடுவார். எண்ணெய் மாற்றுவது, பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவது, காற்று வடிகட்டியைத் தட்டுவது, விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.

அந்த மூடிக்குக் கீழேதான் எஞ்சினின் உயிர் இருக்கிறது என்பது மில்லிகிராமின் கொள்கை. அங்கே பாயின்ட் என்று இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். அவை தொட்டுத் தொட்டு விலகும்போதுதான் பிளக்கில் பொறி பிறக்கும். விலகும் இடைவெளி புள்ளி நான்கு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஊரில் உள்ளவர்கள் இதற்கு ஃபீலர் கேஜ் என்ற தகட்டைக் கடையில் வாங்குவார்கள். மில்லிகிராம் வாங்கவில்லை. வண்டி வந்த முதல் வாரமே, அலுவலகத்து மைக்ரோமீட்டரில் வீட்டிலிருந்த காகிதம், அட்டை அத்தனையையும் அளந்து பார்த்து, தன் பழைய நூலக உறுப்பினர் அட்டை அச்சுக் குத்தினாற்போல் புள்ளி நான்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அந்த அட்டையின் வலது கீழ் மூலையை இரண்டு பொட்டுகளுக்கும் நடுவே விட்டு, நாலு இழுப்பு இழுத்து அழுக்கைத் துடைத்து, அதே மூலையை வைத்து இடைவெளியையும் சரிபார்ப்பார். ஒரே பொருளில் இரண்டு வேலை. இதைப் பற்றி அவருக்கு இருந்த பெருமையை அளக்கத்தான் கருவி இல்லை.

இத்தனை பணிவிடைக்குப் பிறகும் வண்டி சும்மா கிளம்பாது. குளிர்ந்த எஞ்சினை எழுப்பும் சோக் குமிழை முழுக்க இழுத்துப் பாதி உள்ளே தள்ள வேண்டும். ஆக்சிலரேட்டரை இரண்டு முழு மிதி, ஒரு அரை மிதி. பதினொன்று எண்ண வேண்டும், பத்து போதாது. சாவியைத் திருப்பினால் ஒரு இருமல் வரும், உடனே விட்டுவிட வேண்டும். ஐந்து எண்ணி, சோக்கை ஒரு விரல்கடை உள்ளே தள்ளியபடியே மறுபடி திருப்பி, அதே நொடியில் டாஷ்போர்டின் இடது பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு. கிளம்பிவிடும். கணவர் ஒருமுறை முயன்றார். எண்ணிக்கையெல்லாம் சரி, தட்டும் சரி, வண்டி மட்டும் கிளம்பவில்லை. “நீங்க தட்டறதுல பாசம் இல்ல” என்று மில்லிகிராம் தீர்ப்புச் சொன்னார். அதோடு அவர் பேருந்துக்கே திரும்பிவிட்டார்.

இப்படியே காலம் போயிருக்கும். நாத்தனார் வந்து சேர்ந்தார்.

நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, நர்ஸ். வேலை பார்த்த மருத்துவமனையை இழுத்து மூடிவிட்டதால் இரண்டு வருடமாக வீட்டில் இருந்தவர். எத்தனையோ விண்ணப்பத்துக்குப் பிறகு ஏரிக்கு அந்தப்பக்கம் புதிதாக வந்த மருத்துவமனையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட். முதல் மூன்று மாதம் சோதனைக்காலம். முதல் வாரத்தில் ஒரு நாள் தாமதமானாலும் வரவேண்டாம் என்று தலைமை நர்ஸ் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஏரிக்கரைக்கு முதல் பேருந்தே ஏழு மணிக்குத்தான். அந்த நேரத்தில் டாக்சியைக் கூப்பிட்டால் இடத்தைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறார்கள். மருத்துவமனைக் குடியிருப்பில் இடம் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை அண்ணன் வீட்டிலிருந்து, அண்ணியின் வண்டியில்தான் போயாக வேண்டும்.

அண்ணியோ அதே திங்கட்கிழமை, மின்னணுத் தராசுகள் பற்றிய இரண்டு வாரப் பயிற்சிக்குத் தலைமையகம் போகிறார். எட்டு மணி ரயில்.

ஆகவே அதற்கு எட்டு நாள் முன்னதாக, ஞாயிற்றுக்கிழமை காலை, கார் கொட்டகையில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. கணவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

“முதல்ல சோக். முழுக்க இழு. இப்ப பாதி உள்ள” என்றார் மில்லிகிராம்.

“எது பாதி அண்ணி? இங்க கோடு எதுவும் இல்லையே.”

“பாதின்னா பாதி. கைக்குத் தெரியும்.”

“ஊர்ல இருக்கிற தராசுக்கெல்லாம் கோடு கேட்பா. அவ வண்டிக்கு மட்டும் கைக்குத் தெரியும்” என்று ஸ்டூல் குறிப்பு எழுதியது.

நாத்தனார் மிதித்தார், எண்ணினார், திருப்பினார், தட்டினார். வண்டி இருமியது. மறுபடி செய்தார். மறுபடி இருமல். ஒன்பதாவது முறை பெட்ரோல் வாடை கொட்டகையை நிறைத்தது. நாத்தனாரின் நெற்றியில் வியர்வை. மில்லிகிராம் அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார், பதினொன்று எண்ணினார், தட்டினார். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

“பார்த்தியா? சொன்னேன்ல?” முகம் பூரித்துப்போயிருந்தது. பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார். அதில் ஈயாடவில்லை.

“அண்ணி, எனக்கு இந்த வேலை வேணும்.”

“நாளைக்கும் பழகலாம். ஒரு வாரம் இருக்குல்ல?”

நாத்தனார் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். நர்ஸ்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. எதிரே படுத்திருப்பது மனிதனா காரா என்று பார்ப்பதில்லை. “ஒண்ணொண்ணா சொல்லுங்க, எழுதிக்கறேன். இந்தத் தட்டறது எப்ப இருந்து?”

“போன மழைக்கு முன்னாடிதான்.”

“அந்த அஞ்சு எண்ணறது?”

“அது ஒரு… மூணு வருஷம்.”

“பதினொண்ணு?”

“முதல்ல ஆறுதான் எண்ணுவேன். அப்புறம் எட்டு. பதினொண்ணு ஆகி ரெண்டு வருஷம் இருக்கும்.”

“சோக்கு?”

“ஏழெட்டு வருஷம்.”

“சரி, வாங்கின புதுசுல?”

மில்லிகிராம் யோசித்தார். “வாங்கின புதுசுல… சாவியைத் திருப்புவேன். கிளம்பும்.”

பேனா நின்றது. “அண்ணி, அப்ப இது குணம் இல்ல. வியாதி. வருஷா வருஷம் முத்திக்கிட்டே வருது.”

“என் வண்டிக்கு என்ன வியாதி? மூணு மாசத்துக்கு ஒருதரம் நானே பார்க்கறேன்!”

“டாக்டர் வீட்டு நோயாளிங்கதான் ரொம்ப லேட்டா வருவாங்க” என்று சொல்லிவிட்டு நாத்தனார் தாளை மடித்தார். கணவர் அதை வாங்கி இரண்டு எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தார். தாள் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியால் டாஷ்போர்டில் ஒட்டப்பட்டது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காலையில் நாத்தனார் அதைப் பார்த்துப் பார்த்து முயன்றார். வண்டி இருமியதோடு சரி.

புதன்கிழமை மில்லிகிராம் சந்தை ஆய்வுக்குப் போனார். வெங்காயக் கடையில் ஒரு கிலோ கல்லை எடுத்துத் தன் மாதிரிக் கல்லுக்கு எதிரே வைத்தார். முள் சாய்ந்தது. ஆறு கிராம் குறைவு.

“மேடம், சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல!” கடைக்காரர் பதறினார். “பதினஞ்சு வருஷமா தினம் இந்தக் கையால எடுத்து வைக்கிற கல்லு. தேய்ஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா?”

“தினம் எடுத்து வைக்கிறதாலதான் உங்களுக்குத் தெரியல. தேயறது கல்லோட தப்பு இல்ல. ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்க்காதது உங்க தப்பு.” இந்த வசனத்தை அவர் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார். இரண்டாவது வாக்கியம் வரும்போது விரல் உயரும், மூன்றாவதில் விரல் ஆடும். அன்று மூன்றாவது வாக்கியத்தில் விரல் அப்படியே நின்றுவிட்டது.

கடைக்காரர் காத்திருந்தார். “மேடம்? ரசீது?”

மில்லிகிராம் ரசீதை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். எந்தக் காரணத்துக்கோ அன்று, “பரவாயில்ல, வேணும்னு பண்ணல நீங்க” என்றும் சேர்த்துச் சொன்னார். பிற்பகல் முழுக்கச் சந்தையில் பேச்சு இதுதான். மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு சாரார், பதவி உயர்வு வந்திருக்கிறது என்று இன்னொரு சாரார்.

அவர் நேரே வண்டிக்குப் போய், கருவிப் பையிலிருந்து நூலக அட்டையை எடுத்துக்கொண்டு அலுவலக ஆய்வறைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்தினார். மைக்ரோமீட்டரில் முதலில் அட்டையின் இடது மேல் மூலையை வைத்தார். புள்ளி நான்கு. பிறகு பதினான்கு வருடமாகப் பாயின்டைத் துடைத்தும் அளந்தும் வந்த வலது கீழ் மூலை. புள்ளி இரண்டு ஏழு.

விதிப்படி மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் புள்ளி இரண்டு ஏழு.

கணக்கு வெள்ளிடைமலையாக இருந்தது. பொறியில் கருகிச் சொரசொரத்துப்போன உலோகப் பொட்டில் ஒவ்வொரு துடைப்பும் அட்டையை உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கிறது. தேய்ந்த மூலையை வைத்து அளந்ததால் இடைவெளி ஒவ்வொரு முறையும் இழை இழையாகக் குறைந்திருக்கிறது. பொறி வலுவிழக்க வலுவிழக்க இவர் ஒரு மிதி கூட்டினார், எண்ணிக்கை கூட்டினார், கடைசியில் தட்டவும் ஆரம்பித்தார். திருடனை விரட்டிய அந்த மகத்தான பாதுகாப்பு ஏற்பாடு, மில்லிமீட்டரில் புள்ளி ஒன்று மூன்று.

வேறு யாராக இருந்தாலும் அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்திருப்பார்கள். மில்லிகிராம் பறிமுதல் பதிவேட்டைத் திறந்தார். பொருள்: அட்டை, ஒன்று. குறை: தேய்மானம். கைப்பற்றிய அதிகாரியின் கையெழுத்து என்ற இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டார். உரிமையாளர் கையெழுத்து என்ற இடத்தில் இன்னொன்று போட்டார். இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினார். அந்தத் துறையின் வரலாற்றில் பேரம் பேசாமல், அழாமல், மேலதிகாரியைத் தெரியும் என்று சொல்லாமல் பொருளை ஒப்படைத்த ஒரே உரிமையாளர் அவர்தான் என்று தெரிகிறது.

சனிக்கிழமை காலை, மூன்று மாதம் ஆகாமலேயே, புரூஃப் தாள்கள் விரிந்தன. கணவர் டீயோடு வந்தபோது எஞ்சின் பாதி பிரிந்து கிடந்தது.

“இது என்ன புதுசா, விசிறி மாதிரி?”

“ஃபீலர் கேஜ்.”

“அட்டை எங்க?”

“ஸ்டோர் ரூம்ல. ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல.”

“அங்க எதுக்கு?”

“பறிமுதல்.”

சில இடங்களில் ஓரக்குறிப்பு எழுதக்கூடாது என்பது கணவர் இருபது வருடத் தாம்பத்தியத்தில் கற்றது. டீயை மட்கார்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மில்லிகிராம் வேலை செய்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கருகிய பாயின்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, பொட்டுகள் மிக அதிகமாக விலகும் இடத்தில் நிறுத்தி, புள்ளி நான்கு தகட்டை நுழைத்தார். வெண்ணெயில் கத்தி போல் போகக்கூடாது, பிடித்து இழுக்கவும் கூடாது. திருகாணியைக் கால் சுற்று முடுக்கினார், முடுக்கியதில் இடைவெளி ஒரு மயிரிழை நகர்ந்தது. தளர்த்தினார். மறுபடி. ஆறாவது முறை சரியாக நின்றது. பொறி விழும் நேரத்தைச் சோதனை விளக்கு கட்டிப் பார்த்துத் திருத்தினார். நாலு பிளக்கையும் தகடு வைத்து அளந்தார். இறுகிப்போயிருந்த சோக் கேபிளுக்கு எண்ணெய் விட்டார். திருடனின் ஸ்க்ரூடிரைவரால் கார்பரேட்டரை ஒரு இழை திருகினார். பானட்டைச் சாத்தும்போது மட்கார்டில் டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழக்கத்தில் டாஷ்போர்டைத் தட்ட உயர்ந்த கை அந்தரத்தில் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கை கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு இறங்கியது.

அணைத்துவிட்டு மறுபடி. கிளம்பியது. ஆனால் இது அவர் கை. சோதனை என்றால் வேறு கை வேண்டும், வேறு கையைக் கூப்பிடவோ வாய் வரவில்லை. ஆகவே இடது கையால் திருப்பினார். கிளம்பியது. பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து எட்டித் திருப்பினார். கிளம்பியது. வெளியே இறங்கி, திருடன் மாதிரி ஜன்னல் வழியாகக் கையை விட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு திருப்பினார். அப்போதும் கிளம்பியது, யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல். பிளாஸ்திரித் தாளைப் பிய்த்து மடித்துக் கருவிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு முழுக்க ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. “காலையில நீங்க வந்து ஸ்டார்ட் பண்ணிக் குடுப்பீங்கல்ல அண்ணி, முதல் நாள் மட்டுமாவது?” என்று நாத்தனார் இரண்டு தடவை கேட்டார். “தூங்கு, பார்த்துக்கலாம்” என்பதே பதில்.

திங்கட்கிழமை விடிகிற நேரம். நாத்தனார் சீருடையோடு சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மில்லிகிராமின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. அவர் சமையலறையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, டீயோடு உட்கார்ந்திருந்தார். கணவர்தான் ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவே அலைந்தார்.

“போய் ஒரு கை குடேன். அவ வேலை போயிடும்.”

“எதுக்கு?”

“எதுக்கா? அது உன் ஒருத்தி கைக்குத்தானே…”

“உட்காருங்க.”

கொட்டகையில் நாத்தனார் தாளைத் தேடினார். பிளாஸ்திரி இருந்த இடத்தில் ஒரு சின்னச் சீட்டு. ஆய்வாளரின் கையெழுத்தும் தேதியும். மேலே ஒரே வரி: சாவியைத் திருப்பவும்.

திருப்பினார்.

இருமல் இல்லை. எஞ்சின் எடுத்த எடுப்பில் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. சமையலறை அலமாரியில் டம்ளர்கள்கூட அதிரவில்லை.

“அண்ணி! கிளம்பிடுச்சு அண்ணி! நான் ஒண்ணுமே பண்ணல!”

கணவர் ஜன்னலிலிருந்து மெதுவாகத் திரும்பினார். பதினான்கு வருடமாகச் சேர்த்துவைத்திருந்த குறிப்புகள் அத்தனையும் அவர் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன.

“டீ ஆறுது. குடிங்க” என்றார் மில்லிகிராம்.

கணவர் குடித்தார். வண்டி வாசலைத் தாண்டி, பாலத்தில் ஏறி, இரண்டாவது கியர் மாறி, ஏரிக்கரைத் திருப்பத்தில் சத்தம் தேய்ந்து மறைந்தது. அதுவரை மில்லிகிராம் தலையைச் சற்றே சாய்த்து உட்கார்ந்திருந்தார். பிறகுதான் தன் டம்ளரை எடுத்தார்.